ரிப்பேர் இல்லாத நாட்கள்

பயிற்சி விடுதி, துறைமுகம்
மார்ச் 4

அன்புள்ள மெக்கானிக்குக்கு,

நேற்றுப் போனில் நடந்ததைப் பேச்சு என்று கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டாம். வாலு ரிசீவரைப் பிடுங்கி, "அம்மா, கப்பல் எத்தனை யானை பெருசு?" என்று கேட்டான். பெரியவள் அவனிடமிருந்து பிடுங்கி, "அப்பா தலைய இழுத்து இழுத்துப் பின்றாரும்மா, கண்ணெல்லாம் மேல போயிடுது" என்றாள். கடைசியில் நீங்கள் வாங்கி "ம்" என்றீர்கள். நான் "ம்?" என்றேன். அதற்குள் வார்டன் அம்மா கடிகாரத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமிவிட்டார். இந்த விடுதியில் போன் அவர் அறையில் இருக்கிறது. அவர் காதும் அங்கேயேதான் இருக்கிறது. அதனால் இனிமேல் கடிதம். உதிரிபாகம் ஏற்ற உங்கள் கம்பெனி லாரி வாராவாரம் இங்கே வருகிறதே, லாரி அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். கடிதம் பத்திரமாக வந்துவிடும், அவர் பிரித்துப் படிக்காமல் இருந்தால்.

முதல் நாள் கிரேன் மேலே ஏறினேன். ஏணி முடியவே மாட்டேன் என்கிறது. கேபினுக்குத் தரை கண்ணாடி. உட்கார்ந்தால் என் இரண்டு ஷூவுக்கு நடுவில் லாரிகள் ஊர்ந்து போகின்றன, மனிதர்கள் தொப்பியாக மட்டும் தெரிகிறார்கள். இருக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எங்கள் பயிற்சியாளரை எல்லோரும் கழுகு என்றுதான் சொல்கிறார்கள், முகத்துக்கு நேராகவும். "கீழ பாக்காம எப்படிம்மா கன்டெய்னர் பெட்டியத் தூக்குவ? நல்லா பாரு, பழகிடும்" என்றார். கிடங்கில் இத்தனை வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவள் இதற்கா பயப்படுவேன் என்று நினைத்துக்கொண்டேன். பயந்தேன்.

உங்களுக்கே தெரியும், அக்டோபரில் கிரேன் ஓட்டுநர் தேர்வு. நடுவில் விட்டுவிட்டு வந்தால் என் இடம் வரிசையில் நிற்கிற அடுத்த ஆளுக்கு. திரும்பக் கேட்க முடியாது. எல்லாம் யோசித்துத்தான் வந்தேன். யோசிக்காதது ஒன்றே ஒன்றுதான். அக்டோபரில் என் வீட்டுக்குள் நுழைந்து, "டம்ளர் எங்க இருக்கு?" என்று கேட்கிற விருந்தாளியாக ஆகிவிடுவேனோ?

அதற்காக உங்களுக்கு ஒரு வேலை. அரிசி டப்பாவுக்குப் பின்னால் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். தினமும் சாயங்காலம் டீ குடிக்கும்போது ஒரு பக்கம் எழுதுங்கள். அன்றைக்கு வீடு எப்படி இருந்தது, அவ்வளவுதான். பெரிய சமாசாரம் எதுவும் வேண்டாம். மாதக் கடைசியில் அனுப்பினால் படித்துவிட்டுத் திருப்பி அனுப்புவேன். நான் அங்கே இல்லாவிட்டாலும் அந்தப் பக்கங்களுக்குள் கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன்.

உயரத்திலிருந்து,
உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 11

கிரேன்காரிக்கு,

கடிதம் வந்தது. லாரி அண்ணன் அதை ஒர்க்ஷாப்பில் எல்லோருக்கும் நடுவில் கொடுத்துவிட்டுக் கண்ணடித்தார். ஒரு நாள் முழுக்க யாரும் என்னை வேலை செய்ய விடவில்லை.

நோட்டு விஷயம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பள்ளிக்கூடத்தில் மழைக்காலம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது "மழை பெய்யும். நனைவோம்" என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தவன் நான். வளர்ந்தபிறகு நான் எழுதியதெல்லாம் ஜாப் கார்டுதான். ஃபிரிட்ஜோ வாஷிங் மிஷினோ, ஒரு வீட்டுக்குப் போனால் மூன்று கட்டத்தை நிரப்ப வேண்டும். புகார், காரணம், செய்த வேலை. கல்யாணத்துக்கு முன்னால் உனக்குக் கொடுத்த முதல் சீட்டு ஞாபகம் இருக்கிறதா? "ஞாயிறு மாலை வருகிறேன். தாமதமானால் தகவல் தரப்படும்." நீ அதை உன் தோழிகளிடம் காட்டிச் சிரித்தாய். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காத்திருந்தாய்.

நீ கேட்டு நான் எதை மறுத்திருக்கிறேன்? ஆரம்பித்துவிட்டேன். எனக்குத் தெரிந்த மாதிரிதான் வரும், சிரிக்கக் கூடாது.

வாலு உனக்குச் சொல்லச் சொன்னது: அவனுடைய முன்பல் ஆடுகிறது. யாரையும் தொட விடுவதில்லை, ஆனால் பார்க்க வரச்சொல்லித் தெருவையே அழைக்கிறான்.

மேலே ஏறும்போது கையுறை போட்டுக்கொள். கீழே பார். கழுகு சொன்னது சரிதான்.

இப்படிக்கு,
இழுத்துப் பின்னுகிறவன்


ஏப்ரல் 3

அன்புள்ள உங்களுக்கு,

நோட்டு நேற்று வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிரித்தேன். நீங்கள் எழுதியதை நீங்களே படித்துப் பாருங்கள்:

"புகார்: பால் தீய்ந்த வாசனை. காரணம்: கவனக்குறைவு (நான்). செய்த வேலை: பாத்திரம் ஊறவைக்கப்பட்டது."

"புகார்: வாலுவின் வலது ஷூ காணவில்லை. காரணம்: வாலு. செய்த வேலை: செருப்புடன் பள்ளிக்கு அனுப்பப்பட்டான்."

"புகார்: பெரியவள் அழுகை. காரணம்: தெரியவில்லை. செய்த வேலை: கண்காணிப்பில் உள்ளது."

கண்காணிப்பில் உள்ளதா? என் பெண் என்ன கம்ப்ரசரா?

சிரித்திருப்பேன், அடுத்த பக்கங்களைப் புரட்டாமல் இருந்திருந்தால். மேலே தேதி மட்டும், கீழே ஒரு எழுத்தும் இல்லை. அப்புறம் ஒரு காய்ச்சல். மறுபடி வெற்றுப் பக்கங்கள். அப்புறம் சாக்கடை அடைப்பு. மறுபடியும் வெறுமை. அந்த நாட்களில் என்ன நடந்தது? எழுதக்கூட முடியாதபடி என்ன நடந்தது? அடுப்பு எரிந்ததா? பிள்ளைகள் சாப்பிட்டார்களா? என் மேல் கோபத்தில் பேனாவைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? உங்களை எனக்குத் தெரியும், கோபம் வந்தால் கத்த மாட்டீர்கள், ஊமையாகிவிடுவீர்கள்.

இன்று காலை இதே நினைப்போடு மேலே ஏறினேன். கன்டெய்னர் ஒன்றைத் தூக்கி லாரியில் இறக்க வேண்டும். பெட்டி ஆடியது, நான் அவசரப்பட்டேன், அது பக்கத்துப் பெட்டியில் போய் இடித்தது. மூலை நசுங்கிவிட்டது. கீழே யாரும் இல்லை, யாருக்கும் அடி இல்லை. கழுகு கத்தவில்லை. "இறங்கும்மா. உன் மனசு இங்க இல்ல" என்று மட்டும் சொன்னார். அது கத்துவதைவிட மோசம்.

விலகல் கடிதம் எழுதிவிட்டேன். சனிக்கிழமை பயிற்சி அதிகாரி வருவார், அவர் கையில் கொடுக்கப் போகிறேன். என் பிள்ளைகள் செருப்போடு பள்ளிக்குப் போக, நான் இங்கே வானத்தில் உட்கார்ந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருக்க வேண்டுமா? ஆசைப்பட்டது போதும்.

வந்துவிடுகிறேன்.


ஏப்ரல் 5

கொடுக்காதே. கொடுக்காதே. கொடுக்காதே.

இந்த வாரம் இரண்டாவது நடை போகிற லாரி அண்ணன் எஞ்சினை அணைக்காமல் நின்றுகொண்டிருக்கிறார், டாஷ்போர்டில் வைத்து எழுதுகிறேன். சனிக்கிழமைக்குள் உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறார்.

ஏய், பைத்தியம். வெற்றுப் பக்கம் என்றால் ஒன்றும் கெடவில்லை என்று அர்த்தம். ஓடுகிற மிஷினுக்கு யாராவது ஜாப் கார்டு போடுவார்களா? கெட்டுப்போனால்தான் என்னைக் கூப்பிடுவார்கள், கெட்டதைத்தான் நான் எழுதுவேன். நன்றாக ஓடுகிற ஃபிரிட்ஜ் வைத்திருக்கிறவர் வீட்டு வாசலைக்கூட நான் பார்த்ததில்லை. நல்ல நாளில் எழுத என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அந்த வெற்றுப் பக்கங்கள்தான் இந்த வீட்டின் நல்ல நாட்கள்.

ஒன்று சொல்கிறேன் கேள். காய்ச்சலுக்கு அடுத்த நாள், தேதி மட்டும் போட்டிருந்தேனே, அன்றைக்கு வாலு எழுந்து பசிக்கிறது என்றான். முட்டை பொரித்தேன். பல் ஆடுவதால் பெரியவள் அதைச் சின்னச் சின்னதாக வெட்டி ஊட்டினாள், ஒரு வாய்க்கு ஒரு கதை. கதை தீரும்போது வாயில் பல்லைக் காணோம், தட்டில் எங்கேயோ விழுந்திருந்தது. மூன்று பேரும் அதை முட்டைக்குள் தேடித் தேடிச் சிரித்தோம். பிறகு சாப்பாட்டைப் பற்றி யாருக்கும் ஞாபகமே இல்லை. இதில் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் எழுதவில்லை.

ஷூ கிடைத்துவிட்டது. வாஷிங் மிஷினுக்குள் இருந்தது. மெக்கானிக் வீட்டில்! வெளியே சொல்லாதே.

ஹாரன் அடிக்கிறார். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. கிழிக்க மனசு வராவிட்டால் கொடுக்காமலாவது இரு.


ஏப்ரல் 12

அன்புள்ள மெக்கானிக்குக்கு,

லாரி அண்ணன் சனிக்கிழமை காலை விடுதி வாசலில் நின்று ஹாரன் அடித்த அடியில் வார்டன் அம்மா வாளியோடு ஓடி வந்தார், தீப்பிடித்துவிட்டது என்று. படியிலேயே உட்கார்ந்து படித்தேன். பல் கதை வந்த இடத்தில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து விக்கல் வந்துவிட்டது. விலகல் கடிதம் என் பெட்டியின் அடியில் கிடக்கிறது. கிழிக்கவில்லை. கொடுக்கவும் இல்லை.

திங்கட்கிழமை கழுகு என்னை மறுபடி மேலே அனுப்பினார். பெட்டியைத் தாமரை இலையில் தண்ணீர் வைக்கிற மாதிரி இறக்கினேன். அவர் கீழிருந்து தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். இங்கே அதற்குப் பெயர் பாராட்டு.

இப்போது என் உத்தரவு. இனிமேல் கெட்டதை எழுத வேண்டாம், அதை நீங்களே சரிசெய்துகொள்ளுங்கள், உங்களுக்குத்தான் கைவந்த கலை ஆயிற்றே. எனக்கு வெற்றுப் பக்கத்து நாட்கள் வேண்டும். ஒன்றும் நடக்காத நாள். முட்டை, பல், கதை. கட்டம் போடாத பக்கம். சாயங்காலம் எழுத உட்காரும்போது ஞாபகம் வரவில்லை என்று சொல்லக் கூடாது, பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மிஷின் ஒழுங்காக ஓடும்போது என்ன சத்தம் வரும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? அந்தச் சத்தத்தை எழுதி அனுப்புங்கள்.

வாலுவின் பல்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் பைத்தியம்


மே 10

கிரேன்காரிக்கு,

நோட்டு இத்துடன். உன் உத்தரவு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. கம்ப்ரசர் மாற்றுவது இதைவிட சுலபம். சில பக்கங்களை இங்கேயும் எழுதுகிறேன், நோட்டில் டீ கொட்டி எழுத்து கலைந்துவிட்டது.

"ஏப்ரல் 15. இன்று எதுவும் கெடவில்லை. பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீ ஆறிவிட்டது. இது புகார் அல்ல."

"ஏப்ரல் 17. காலையில் கொடியில் காய்ந்த ஒரு சட்டை காற்றில் உப்பி, எழுந்து, கையை ஆட்டியது. நானும் ஆட்டினேன். தனக்குத்தான் ஆட்டுகிறேன் என்று நினைத்து எதிர்வீட்டுக்காரரும் ஆட்டினார். தண்ணீர்க் குழாய்ச் சண்டைக்குப் பிறகு முகம் பார்க்காத மனிதர். சாயங்காலம் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார்."

"ஏப்ரல் 22. பெரியவளுக்கு நாலு பிரியில் பின்னினேன், ஒயர் கட்டுகிற மாதிரி. இழுக்கவில்லை. வகுப்பில் எந்த பார்லர் என்று கேட்டார்களாம். 'ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடைலன்னு சொல்லிட்டேன்ப்பா' என்றாள்."

"ஏப்ரல் 27. மூன்று பேரும் தரை கழுவினோம். கழுவியது கொஞ்சம், வழுக்கி விளையாடியது அதிகம். எப்படியோ தரை சுத்தமாகிவிட்டது."

"மே 4. சாப்பாட்டு மேஜையை ஜன்னல் ஓரத்துக்கு நகர்த்தினோம். தட்டில் வெயில் விழுகிறது. கேரட்கூட நன்றாக இருக்கிறது என்கிறான் வாலு."

இதில் ஒரு விபரீதம் நடந்திருக்கிறது. சாயங்காலம் எழுத வேண்டுமே என்ற பயத்தில் காலையிலிருந்தே கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதும் தெரியாது, சாப்பிட்டதும் தெரியாது. இப்போது கரண்டி சுழலுகிற சத்தத்தை வைத்தே யார் டீ கலக்குகிறார்கள் என்று சொல்லிவிடுவேன். பிள்ளைகளுக்கும் தொற்றிக்கொண்டது. எதைப் பார்த்தாலும் ஓடி வந்து, "அப்பா, இது எழுத வருமா?" என்று கேட்கிறார்கள். எறும்பு வரிசை, சோப்புக் குமிழி, எதிர்வீட்டுக்காரர் தும்மல், எல்லாம் விசாரணைக்கு வருகிறது.

அதோடு நிற்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் இனி வேலை எடுக்க முடியாது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். "ஏன், எங்க போற?" என்றார். "வீட்ல ஒரு வேலை இருக்கு சார்" என்றேன். வேலை என்ன தெரியுமா? மொட்டைமாடியில் பாயை விரித்து மூன்று பேரும் மல்லாந்து படுத்து மேகம் பார்ப்பது. அதற்கென்று நேரம் ஒதுக்காவிட்டால் அது நடப்பதில்லை என்று நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எல்லாம் நன்றாக ஓடுகிறது. நீ கவலைப்படாமல் பெட்டி அடுக்கு.

இப்படிக்கு,
நாலு பிரிக்காரன்


ஜூன் 2

மெக்கானிக்குக்கு,

நோட்டைப் படித்தேன். முதல் தடவை அறைத்தோழிகளுக்கும் படித்துக் காட்டினேன். எலுமிச்சம்பழத்துக்குச் சிரித்து உருண்டார்கள். "உன் வீட்டுக்காரர் கதை எழுதலாம்டி" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாம் தடவை தனியாகப் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

மூன்று பேரும் தரை கழுவினீர்கள். மூன்று பேரும் மேகம் பார்த்தீர்கள். பரீட்சை முடிவு ஒட்டிய பலகையில் நம்பரைத் தேடுகிற மாதிரி அந்த நோட்டு முழுக்க என்னைத் தேடினேன். ஒரு வரியில்கூட இல்லை. அம்மா என்று ஒரு பிள்ளை ஒரு தடவைகூடச் சொல்லவில்லையா? மார்ச்சில் பால் தீய்ந்தது புகார், ஷூ காணாமல் போனது புகார். நான் காணாமல் போனது உங்கள் வீட்டில் ஒரு புகாராகக்கூட இல்லை.

யாரைக் கேட்டு மேஜையை நகர்த்தினீர்கள்? அது அங்கே இருக்கட்டும் என்று நான்தானே சொன்னேன்? அடுப்பிலிருந்து எட்டிப் பார்த்தால் எல்லார் முகமும் தெரிகிற இடம் அது. சரி, விடுங்கள். மேஜைக்கு ஒரு சண்டையா என்பீர்கள். மேஜைக்கு இல்லை, உங்களுக்கும் தெரியும்.

ஏப்ரலில் வீடு உடைந்துவிட்டது என்று நினைத்து ஓடி வரப் பார்த்தேன். இப்போது எங்கேயும் ஓட வேண்டியதில்லை. தேர்வில் தேறிய பிறகு நம் ஊருக்கே திரும்பி, அங்கே ரயில் யார்டு கிரேனில் சேர்ந்துவிடலாம் என்றுதானே பேசிக்கொண்டோம்? இங்கே ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். விரும்புகிறவர்கள் இரண்டு வருடம் இந்தத் துறைமுகத்திலேயே இருக்கலாம். கழுகே என் பெயரைச் சொல்லியிருக்கிறார். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

நீங்கள் மூன்று பேரும் சந்தோஷமாக இருப்பதில் எனக்கும் சந்தோஷம்தான். எழுத்து அங்கங்கே கலைந்திருப்பது கடல் காற்றின் ஈரம்.


ஜூன் 9

என் கிரேன்காரிக்கு,

நீ கோபமாக எழுதியிருந்தாய். நானும் கோபமாகத்தான் ஆரம்பிக்கிறேன். முடிக்கும்போது எப்படி இருப்பேன் என்று தெரியாது.

நான் எழுதிய புகாரைப் படித்துவிட்டு நீ மேலே ஏறிப் பெட்டியை இடித்தாய். கீழே ஆள் நின்றிருந்தால்? நீ பதறி எட்டிப் பார்த்துக் கீழே விழுந்திருந்தால்? அன்றைக்கு உன் கடிதத்தை எத்தனை தடவை மடித்து மடித்துப் பிரித்தேன் என்று உனக்குத் தெரியாது. உன்னை ஏங்க வைக்கிற வரி ஒன்றுகூட இனி அந்த நோட்டில் இருக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஒவ்வொரு சாயங்காலமும் எழுதும்போது நீ வருகிற இடம் வரும். அங்கே நிறுத்திவிடுவேன். விட்டதையெல்லாம் இப்போது சொல்கிறேன், வாங்கிக்கொள்.

கொடியில் கையை ஆட்டியது உன் சட்டை. உன் பழைய கிடங்குச் சட்டை. யாரும் போடாத சட்டையை ஏன் துவைக்கிறான் என்று கேட்பாய். வாலு அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறான். அது எழுந்து கையை ஆட்டியபோது நான் என்ன செய்ய முடியும் சொல்? ஆட்டினேன்.

பெரியவளுக்குப் பின்னி முடித்ததும் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அம்மா வந்ததும் அம்மாவுக்கும் இப்படியே போட்டு விடுங்கப்பா. அவங்களுக்கு முடி அதிகம், அஞ்சு பிரி போடலாம்" என்றாள். மார்ச்சில் அவள் எதற்கு அழுதாள் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். அவள் கையில் இருந்த உன் சீப்பில் உன் முடி ஒன்று இருந்தது. தெரியவில்லை என்று எழுதினேன்.

மேஜையை ஜன்னலுக்கு நகர்த்தச் சொன்னவன் வாலு. வெயிலுக்காக இல்லை. அங்கிருந்து பார்த்தால் பஸ் நிற்கிற இடம் தெரிகிறது, நீ ஏறிப் போன இடம். பஸ் வந்தால் கரண்டியைக் கீழே வைத்துவிடுவான். எல்லாரும் இறங்கி முடித்த பிறகுதான் அடுத்த வாய். ஒரு சாப்பாட்டுக்கு எத்தனை பஸ் வருகிறது தெரியுமா? எல்லாம் ஆறிப்போய்விடுகிறது. நாங்கள் மூன்று பேர் என்று எழுதினேன், பொய் இல்லை. ஆனால் அந்த நாலாவது நாற்காலியில் யாரும் பையைக்கூட வைப்பதில்லை. யாரும் சொல்லவில்லை, வைப்பதில்லை.

நீ இல்லாததை ஏன் புகாராக எழுதவில்லை என்று கேட்டாய். புகார் என்று எழுதினால் பக்கத்தில் செய்த வேலை என்று ஏதாவது எழுத வேண்டும். நான் என்ன செய்ய? உன்னை நான் பழுது பார்த்துக் கொண்டுவர முடியுமா? நீ உடைந்து போகவில்லையே, நீ ஆசைப்பட்ட இடத்தில் இருக்கிறாய். அதனால் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு நீ வேண்டும். பிள்ளைகளுக்கு வேண்டும் என்பதெல்லாம் அப்புறம், முதலில் எனக்கு வேண்டும். காலையில் டீ போட்டால் இப்போதும் நம் இருவருக்குமாக இரண்டு டம்ளர் எடுத்து வைக்கிறேன், பிறகு இரண்டையும் நானே குடிக்கிறேன். இதை எழுதுவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். கோபத்தில் மட்டும் போடாதே. கிரேன் மேலே இருப்பது உனக்குப் பிடித்திருந்தால் போடு. அப்படிப் போட்டால் ஒரு விஷயம் கேட்டுச் சொல். பழமும் மீனும் ஏற்றி வருகிற குளிர்பெட்டிகள் அங்கே வரிசையாக மின்சாரத்தில் சொருகி நிற்கின்றன என்று லாரி அண்ணன் சொன்னார். அதிலும் கம்ப்ரசர்தானே இருக்கும்? அதுவும் கெட்டுப்போகும்தானே? யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரி. இங்கே முதலாளியிடம் இன்னும் மூச்சு விடவில்லை.

பிள்ளைகளிடம் சும்மா கேட்டுப் பார்த்தேன். பெரியவள் தோழியை விட்டு வர வேண்டுமே என்று ஒரு பொழுது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், பிறகு அவளே அட்லஸை எடுத்துக் கடலைத் தேடினாள். வாலு மட்டும், "அங்க போனா அம்மா பஸ்ல வர வேணாமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். நம்பவில்லை. இன்னொரு தடவை கேட்டான்.

கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

உன்னுடையவன்


அக்டோபர் 19

அன்புள்ள, மிகவும் அன்புள்ள மெக்கானிக்குக்கு,

தேறிவிட்டேன். காற்று அடித்த அடியில் பெட்டி ஊஞ்சல் ஆடியது. அவசரப்படாமல் காத்திருந்தேன், ஆடி அடங்கியதும் இறக்கினேன். கழுகு கையெழுத்துப் போட்ட பிறகு, "இங்க மனசு இருக்கு" என்றார். அதற்குமேல் அவரிடம் எதிர்பார்ப்பது பேராசை.

விலகல் கடிதத்தை இன்று காலை கிழித்துக் கடலில் போடப் போனேன். காற்று என் முகத்திலேயே திருப்பி அடித்தது. குப்பைத்தொட்டியில் போட்டேன்.

ஆகஸ்டில் நீங்கள் பிள்ளைகளோடு வந்து குளிர்பெட்டி அதிகாரியைப் பார்த்துவிட்டுப் போனீர்களே, அன்றைக்கு அவருக்கு முன்னால் ஒரு பெட்டியில் காது வைத்துக் கம்ப்ரசர் சத்தத்தைக் கேட்டீர்களாம். இன்னும் அதையே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். உங்கள் வேலை உத்தரவு தயாராக இருக்கிறது, நான் எட்டிப் பார்த்தேன். ஜூனில், கோபம் தணிந்த பிறகு, நான் கையெழுத்துப் போட்ட இரண்டு வருடத்துக்கான குடியிருப்புச் சாவியும் நேற்றுக் கிடைத்தது.

பாய், பாத்திரம் எதுவும் இல்லாமல் வெறும் கையோடு போனேன். புது நோட்டு ஒன்று மட்டும் எடுத்துப் போனேன். நீங்கள் இத்தனை மாதம் எழுதினீர்கள், முதல் பக்கம் என்னுடையதாக இருக்கட்டும். யாரும் இன்னும் வாழாத வீட்டில் என்ன எழுதுவது என்று நானும் பேனாவைக் கடித்தேன். உங்கள் கஷ்டம் புரிந்தது. இதுதான் எழுதியது:

"இரண்டு அறை. கூடத்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன், குளிர்ச்சியாக இருக்கிறது. நடந்தால் என் காலடி எனக்கே கேட்கிறது. கிழக்கு ஜன்னலில் காலை வெயில் வரும், பெரியவள் அங்கே தலை காய வைக்கலாம். வாசல் பக்கத்துச் சுவர் வாலு கிறுக்குவதற்கு, அதை வெள்ளையடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேஜையை எங்கே போடுவது என்று முடிவு செய்யவில்லை, நான்கு பேரும் சேர்ந்து நகர்த்திப் பார்க்க வேண்டும். புதன்கிழமை எனக்குக் காலை வேலை, சாயங்காலம் மேகம் பார்க்க வருவேன். மாடிக்குப் போகிற படி குறுகல், பாயைச் சுருட்டித்தான் எடுத்துப் போக வேண்டும். சமையலறை ஜன்னலைத் திறந்தால் நான் வேலை செய்கிற கிரேன் தெரிகிறது. நான் மேலே இருக்கும்போது இந்த ஜன்னலில் யாராவது நிற்பார்கள்."

இதற்குமேல் எழுத முடியவில்லை. அழுதேன். நன்றாகத்தான் இருந்தது அழுவதற்கு, காலி வீடு, யாரும் கேட்கவில்லை.

கிளம்பும்போதுதான் கவனித்தேன், குளியலறைக் குழாய் சொட்டுகிறது. அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொன்னால் உடனே ஆள் அனுப்பிச் சரிசெய்துவிடுவார்களாம். நான் சொல்லவில்லை.